கஞ்சா போதையில் வண்டி ஓட்டுகிறவரைச் சட்டம் எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படித் தண்டிக்க வேண்டும்?

குன்றக்குடிவாசி:

தைப்பூசத்துக்கு முன்னால் காவடி எடுத்துக்கொண்டு குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கிறவர்கள், சிங்கம்புணரி, நத்தம் வழியாகச் செல்லும் சாலையின் ஓரத்தில், வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் விடியலுக்கு முந்திய இருட்டில்தான் நடக்கிறார்கள். அந்தச் சாலையில் வேன்களும் லாரிகளும் அதே நேரத்தில் விரைகின்றன. குடித்துவிட்டு ஓட்டுகிறவரைப் பிடிக்கக் காவல்துறையின் கையில் ஊதுகருவி இருக்கிறது. ஆனால் கஞ்சா புகைத்துவிட்டு வருகிறவர் அதே கருவியில் ஊதினால் எண் சுழியம் என்றே வரும், அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மதுவுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. கஞ்சாவுக்கு அப்படி ஒரு வரம்பு ஏன் இல்லை? என் கருத்து கடுமையானது, அதை மறைக்காமல் சொல்கிறேன்: உடலில் அதன் சுவடு இருந்தாலே அதைக் குற்றமாக்க வேண்டும். பொட்டலம் விற்கிறவர்களைப் பிடிக்கக் காவல்துறை 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று பல கட்டங்களாக நடவடிக்கை எடுத்ததை எல்லோரும் பார்த்தோம். புகைத்துவிட்டு வண்டியில் ஏறுகிறவரைப் பிடிக்க என்ன வழி இருக்கிறது என்பதைச் சட்டமும் மருத்துவமும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தேவகோட்டை வழக்கறிஞர்:

ஐயா, சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவுக்கு இரண்டு உட்பிரிவுகள் உண்டு. முதலாவது மதுவுக்கானது, அதற்கு நீங்கள் சொன்ன 30 மில்லிகிராம் அளவுகோல் உண்டு. இரண்டாவது போதைப்பொருளுக்கானது. அதில் எண் எதுவும் கிடையாது, 'வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு' அதன் ஆளுகையில் இருந்தார் என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் தண்டனை ஒன்றே. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை உயர்த்தியதோடு நிற்காமல், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் வரும் பொருள்களெல்லாம் இந்தப் பிரிவிலும் அடங்கும் என்று தெளிவாக்கியது. ஆகவே கஞ்சா இதற்குள் வருகிறதா என்ற ஐயத்துக்கே இடமில்லை.

ஓட்டை வேறோர் இடத்தில் இருக்கிறது. 203ஆவது பிரிவு காவலருக்குத் தருவது மூச்சைப் பரிசோதிக்கும் அதிகாரம் மட்டுமே. 204ஆவது பிரிவின்படி ரத்தம் கேட்க வேண்டுமானால், ஊதுகருவி மது இருப்பதைக் காட்டியிருக்க வேண்டும், அல்லது அந்த நபர் ஊத மறுத்திருக்க வேண்டும். கஞ்சா புகைத்தவர் ஊதவும் செய்கிறார், கருவி மதுவையும் காட்டுவதில்லை. ரத்தம் எடுக்கும் படி அங்கேயே அறுந்துவிடுகிறது. 202ஆவது பிரிவின் கீழ்க் கைது செய்யலாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் விடுவித்தாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51ஆவது பிரிவின்படி, கைதானவரை மருத்துவரைக் கொண்டு பரிசோதித்து ரத்த மாதிரி எடுக்கலாம் என்ற பொது வழி ஒன்றும் இருக்கிறது. நள்ளிரவில் சாலையோரத்தில் நிற்கும் உதவி ஆய்வாளர் இந்த நான்கு பிரிவுகளையும் சேர்த்துப் படித்து நடவடிக்கை எடுப்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை, சாலையில் நடக்கிறவருக்கும் பாதுகாப்பில்லை.

திருப்பத்தூர் மருத்துவர் (அரசுப் பணியில் ஓய்வுபெற்றவர்):

எண் வேண்டும் என்று கேட்பது இயல்பு. ஆனால் மதுவுக்கு எண் வேலை செய்வதற்கான காரணமே கஞ்சாவுக்கு இல்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மது நீரில் கரைவது. அது ரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறையச் சீராக நடக்கிறது, ரத்தத்தில் உள்ள அளவும் மூளையில் உள்ள அளவும் ஒன்றையொன்று ஒட்டியே செல்கின்றன. கஞ்சாவின் போதைக்குக் காரணமான டிஎச்சி கொழுப்பில் கரைவது. புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மிக வேகமாகச் சரிந்து, மூளையிலும் கொழுப்புத் திசுக்களிலும் போய்த் தங்கிவிடுகிறது. போதை முழுமையாக இருக்கும் வேளையிலேயே ரத்தத்தில் அளவு குறைந்துவிடலாம். விபத்து நடந்து, காவலர் வந்து, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஊசி போடுவதற்குள் ஓட்டியபோது இருந்த அளவின் சிறு பகுதிதான் மிஞ்சும்.

மறுபக்கமும் உண்டு. நாள்தோறும் புகைக்கிறவர் நிறுத்திப் பல நாள்கள் ஆன பிறகும், கொழுப்பிலிருந்து டிஎச்சி கசிந்து ரத்தத்தில் சிறிதளவு தென்பட்டுக்கொண்டே இருக்கும். அவர் அந்த நேரத்தில் போதையில் இருக்க மாட்டார். சிறுநீர்ப் பரிசோதனை இன்னும் மோசமான சாட்சி. அதில் தெரிவது உடல் சிதைத்து வெளியேற்றும், போதை தராத கழிவுப்பொருள், அது வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். குன்றக்குடி ஐயா சொன்ன 'சுவடு' என்ற அளவுகோலைச் சிறுநீரில் வைத்தால், போன மாதம் புகைத்தவரும் இன்று மாலை புகைத்தவரும் ஒரே கூண்டில் நிற்பார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் இதே காரணத்தால்தான், போதை தராத கழிவுப்பொருளை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவு சொன்னதால் கஞ்சா ஓட்டுநரைக் கெடுப்பதில்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களைக் கவனிக்கும் ஆற்றல் குறைகிறது, வண்டி தன் தடத்தில் நிற்காமல் அலைகிறது, திடீரென்று எதிர்ப்படுவதற்குக் கால் பிரேக்கை மிதிக்க ஆகும் நேரம் கூடுகிறது. புகைத்தால் இது சில மணி நேரம் நீடிக்கும். உண்டால் ஏறுவதற்கே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம், ஆகையால் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்து வண்டியை எடுத்தவருக்குப் பாதி வழியில் தலைக்கேறும். மதுவோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். இரண்டையும் வரம்புக்குக் கீழே வைத்திருப்பவர், ஒன்றை மட்டும் வரம்பு வரை எடுத்தவரைக் காட்டிலும் ஆபத்தானவராக இருக்கக்கூடும். நம் சட்டம் இந்தக் கலப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே என் பெரிய கவலை.

குன்றக்குடிவாசி:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கஞ்சா நம் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்ட பொருள், மதுவைப்போல அரசே கடை வைத்து விற்கும் பொருள் அன்று. போன வாரம் புகைத்திருந்தாலும் அவர் செய்தது குற்றம்தானே? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 முதல் சாலையோரத்தில் உமிழ்நீரைச் சோதித்து, இருந்தாலே குற்றம் என்று நடத்துகிறது. பிரிட்டன் 2015 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 2 மைக்ரோகிராம் என்ற மிகக் குறைந்த வரம்பை வைத்தது. அவர்களால் முடிவது நம்மால் ஏன் முடியாது?

தேவகோட்டை வழக்கறிஞர்:

முடியும், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு குற்றங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கஞ்சா உட்கொண்டதற்குத் தண்டனை போதைப்பொருள் சட்டத்தின் 27ஆவது பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போன வாரம் புகைத்தவரைத் தண்டிக்க வேண்டும் என்றால் அந்தப் பிரிவு போதும். 185ஆவது பிரிவு சாலையில் போகிற மற்றவரைக் காப்பதற்காக எழுதப்பட்டது. வண்டி ஓட்டிய நேரத்தில் அவர் தகுதியோடு இருந்தாரா என்பதே அங்கே கேள்வி. இந்த இரண்டையும் குழப்பினால் சாலைப் பாதுகாப்பு வழக்கு போதைப்பொருள் வழக்காக மாறும், வழக்கு அந்தச் சட்டத்தின் நடைமுறைச் சிக்கல்களில் மாட்டிக்கொள்ளும், உண்மையிலேயே தள்ளாடி ஓட்டியவரும் தப்பித்துப் போவார்.

பலரும் கவனிக்காத இன்னொன்று காப்பீடு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 185ஆவது பிரிவில் சொன்னபடி மது அல்லது போதைப்பொருளின் ஆளுகையில் ஓட்டினார் என்பது காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பை மறுக்க எடுத்து வைக்கக்கூடிய எதிர்வாதங்களுள் ஒன்றாக 150ஆவது பிரிவில் சேர்ந்துவிட்டது. எத்தனையோ வழக்குகளில் நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. அப்படியென்றால், சிறுநீரில் தென்பட்ட பழைய சுவடு ஒன்றை வைத்து 'போதையில் ஓட்டினார்' என்று முடிவு கட்டினால், மறுநாள் அந்த உரிமையாளரின் வீடும் நிலமும் வசூலுக்கு உள்ளாகலாம். இவ்வளவு பெரிய விளைவுக்குச் சுவடு என்ற அளவுகோல் தாங்காது.

நீங்கள் சொன்ன வெளிநாட்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம், நீங்கள் சொன்ன அதே அளவுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 5 என்றால் அதுவே குற்றம். கொலராடோவில் அதே 5 இருந்தால் போதையில் இருந்தார் என்று ஊகிக்க மட்டும் இடம் உண்டு, அதை மறுத்துச் சாட்சியம் தரலாம். ஜெர்மனி 1 என்று வைத்திருந்ததை 2024 ஆகஸ்டில் 3.5 ஆக்கியது, அதுவும் முழு ரத்தத்தில் அன்று, ரத்தத் தெளிநீரில் அளப்பது. அறிவியல் ஓர் எண்ணைத் தந்திருந்தால் நாட்டுக்கு நாடு இப்படி வேறுபட்டிருக்காது.

கோட்டையூர் வேன் ஓட்டுநர்:

சுற்றுலா வேன் ஓட்டும் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் எங்கள் பக்கத்தையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ராமேஸ்வரம் போய்த் திரும்பி, அன்று இரவே பிள்ளையார்பட்டிக்கும் திருச்சிக்கும் வண்டி எடுக்கச் சொல்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். தூக்கமில்லாமல் ஓட்டுகிறவனின் கண்ணும் சிவந்திருக்கும், பேச்சும் குழறும், கேட்ட கேள்விக்குத் தாமதமாகத்தான் பதில் வரும். அதைப் பார்த்து, இவன் கஞ்சா அடித்திருக்கிறான் என்று காவலர் ஒருவர் எழுதினால் எங்கள் உரிமம் என்ன ஆகும்? பார்வையை மட்டும் நம்பி வழக்குப் போடும் முறையும் எங்களுக்கு அச்சம் தருகிறது, வெறும் எண்ணை நம்பும் முறையும் அச்சம் தருகிறது.

அதே நேரத்தில், புகைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்கள் எங்களிடையே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. வலி தெரியாமல் இருக்கும், நேரம் போவது தெரியாது என்று சொல்லிக்கொண்டு இளம் ஓட்டுநர்கள் பழகிவிடுகிறார்கள். அவர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டும். ஓட்டுநரை மட்டும் பிடித்துவிட்டு அவரை அந்த நிலைக்குத் தள்ளியவரை விட்டுவிட்டால் அடுத்த வாரம் வேறொரு பையன் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பான்.

தேவகோட்டை வழக்கறிஞர்:

அண்ணன் சொன்னதற்கும் சட்டத்தில் பிடிமானம் உண்டு. 188ஆவது பிரிவின்படி, 185ஆவது பிரிவின் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனைதான். தகுதியற்ற உடல்நிலையிலோ மனநிலையிலோ ஓட்டுவதற்கான 186ஆவது பிரிவுக்கும் அது பொருந்தும். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஒரு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பொது வரம்பு வைத்திருந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்தைப் பணியிடப் பாதுகாப்பு குறித்த புதிய தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. விபத்து வழக்கில் ஓட்டுநரின் ரத்தத்தைச் சோதிக்கிற அதே நாளில் வண்டியின் பயணக் குறிப்பேட்டையும் கைப்பற்ற வேண்டும் என்பதை விசாரணை நடைமுறையாகவே ஆக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, எழுதப்பட்டதை நடைமுறைப்படுத்தினால் போதும்.

பள்ளத்தூர் ஆச்சி:

பெரியவர்கள் வேனையும் லாரியையும் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குக் கவலை தருவது இருசக்கர வண்டியில் மூவராக ஏறிப் போகிற பிள்ளைகள். காரைக்குடியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் பலர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மாலையில் எங்கே போகிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று கேட்க வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லை. ஒரு பிள்ளை முதல் முறை பிடிபட்டால், சிறைக்கு அனுப்பி அவன் படிப்பையும் வேலையையும் கெடுத்துவிடுவதா, உரிமத்தைப் பறித்துவிட்டுச் சிகிச்சைக்கு அனுப்புவதா? யாருக்கும் காயமில்லாத வரைக்கும் இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. காயம் பட்டிருந்தால், உயிர் போயிருந்தால், அது வேறு. அங்கே எந்தத் தாயும் என் பிள்ளைக்கு இரக்கம் காட்டுங்கள் என்று கேட்கக் கூடாது.

திருப்பத்தூர் மருத்துவர்:

ஆச்சி சொல்கிற வழிக்குப் போதைப்பொருள் சட்டத்திலேயே ஒரு சாளரம் இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு வகை செய்கிறது. வண்டி ஓட்டிய குற்றத்துக்கு அப்படி எதுவும் இல்லை. உரிமத்தை மீட்டுத் தருவதற்குச் சிகிச்சைச் சான்றிதழை நிபந்தனையாக்கலாம். போதைப்பொருளுக்கு அடிமையானவரின் உரிமத்தை நிறுத்திவைக்கவும் பறிக்கவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆவது பிரிவு உரிம அதிகாரிக்கு ஏற்கெனவே அதிகாரம் தந்திருக்கிறது.

இனிப் பரிசோதனைக்கு வருகிறேன். என் யோசனை மூன்று படிகளைச் சேர்த்து ஒரு சங்கிலியாக்குவது. முதலாவது, வண்டி ஓடிய விதம். தடம் மாறியதா, விளக்குப் போடாமல் வந்ததா, நிறுத்தச் சொன்னபோது எப்படி நின்றது என்பவற்றை அந்த இடத்திலேயே படிவத்தில் எழுதி, முடிந்தால் கேமராவில் பதிய வேண்டும். இரண்டாவது, உமிழ்நீர். வாயில் படிந்த டிஎச்சி பெரும்பாலும் அண்மையில் புகைத்ததைக் காட்டுவதால், சிறுநீரைவிட இது எவ்வளவோ மேல். கனடா 2018இல் சட்டத்தை மாற்றியபோது இத்தகைய கருவிகளைச் சாலையோரத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் இதை ரத்தம் எடுப்பதற்கான நியாயமான காரணமாக மட்டுமே கொள்ள வேண்டும், தண்டனைக்கான சான்றாகக் கொள்ளக் கூடாது. மூன்றாவது, ரத்தமும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும். கோட்டையூர் தம்பி அஞ்சுகிற தவறு இங்கேதான் திருத்தப்படும். தூக்கமின்மையால் சிவந்த கண்ணுக்கும் கஞ்சாவால் சிவந்த கண்ணுக்கும் வேறுபாட்டை ரத்தமும் மருத்துவரின் பரிசோதனையும் சேர்ந்து சொல்லிவிடும். மூன்றும் ஒரே திசையில் காட்டினால் தண்டனை, ஒன்று விலகினால் அந்த ஐயத்தின் பயன் ஓட்டுநருக்கு.

நடைமுறையில் இடிக்கிற இடம் நேரம். ஊசி போட்டு ரத்தம் எடுக்கக் காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ உள்ள அரசு மருத்துவமனை போதும், ஆய்வுக்குத்தான் மதுரைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்து ஒரு மணி நேரத்தை வீணாக்காமல், பக்கத்து மருத்துவமனையில் பணியில் இருக்கும் மருத்துவரே எடுத்து, மாதிரி கெடாமல் காக்கும் சோடியம் புளோரைடு கலந்த குப்பியில் அடைத்து, குளிர்பதனத்தில் வைத்து, எடுத்த நேரத்தை நிமிடத்தோடு எழுத வேண்டும். நேரம் எழுதாத மாதிரியால் நீதிமன்றத்துக்குப் பயனில்லை.

குன்றக்குடிவாசி:

சங்கிலி முறை எனக்கு ஏற்புடையதே. ஆனால் ஒரு வகையினருக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பள்ளி வேன், பேருந்து, சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்களின் ரத்தத்தில் டிஎச்சி சிறிதும் இருக்கக் கூடாது. ஐம்பது பேர் உயிரைச் சுமந்து செல்கிறவருக்கும் தன் வண்டியில் தனியே போகிறவருக்கும் ஒரே அளவுகோல் எப்படி நியாயமாகும்?

தேவகோட்டை வழக்கறிஞர்:

இதில் உங்களோடு உடன்படுகிறேன், ஒரு வேறுபாட்டோடு. ஜெர்மனியில் புதிய ஓட்டுநர்களுக்கும் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் முழுத் தடை இருக்கிறது. ஆனால் வரம்பை மீறுவது மட்டுமே அங்கே சிறைக்குரிய குற்றமாகாது, அபராதமும் ஓட்டத் தடையும்தான். நாமும் பொதுப் பயணிகள் வண்டியின் ஓட்டுநருக்கு இதைத் தொழில் நிபந்தனையாக வைக்கலாம்: ரத்தத்தில் டிஎச்சி தென்பட்டால் பயணிகள் வண்டி ஓட்டும் அனுமதி நிறுத்தப்படும், ஆனால் 185ஆவது பிரிவின் கீழ்ச் சிறைத் தண்டனைக்கு உண்மையிலேயே திறன் குன்றியிருந்தார் என்ற சான்று வேண்டும். வேலை போகும் அச்சம் ஓட்டுநரைத் தடுக்கும். குற்றவாளி என்ற பட்டம் தகுதியானவருக்கே போய்ச் சேரும்.

காவலரின் சாட்சியம் குறித்தும் ஒன்று. மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2017இல், ஒற்றைக் காலில் நிற்பது, கோட்டில் நடப்பது போன்ற சோதனைகளில் காவலர் தாம் கண்டதைச் சொல்லலாம், ஆனால் கஞ்சா போதையை அளக்கும் தேர்வைப்போல் அதில் 'தேறினார், தோற்றார்' என்று சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவர் ஐயா கேட்கிற படிவமும் அப்படியே இருக்க வேண்டும். அதில் கண்டது மட்டும் இருக்கட்டும், காவலரின் முடிவு இருக்க வேண்டாம். ரத்தம் எடுப்பது தன்னையே காட்டிக்கொடுக்கச் செய்வதாகாதா என்று யாரேனும் கேட்டால், உடலிலிருந்து எடுக்கும் சான்று அரசமைப்பின் 20(3)ஆவது உறுப்புக்கு முரணாகாது என்ற வழியை உச்ச நீதிமன்றம் 1961இல் காதி காலு ஓகத் வழக்கிலேயே வகுத்துவிட்டது.

மனு ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலச் சட்டமன்றமும் திருத்தம் கொண்டுவரலாம், மத்தியச் சட்டத்துக்கு முரணான இடத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். முதல் கோரிக்கை, 204ஆவது பிரிவில் 'மது' என்று வரும் இடத்தில் போதைப்பொருளையும் சேர்த்து, உமிழ்நீர்ச் சோதனையோ எழுதப்பட்ட கண்காணிப்போ காரணம் தந்தால் ரத்தம் எடுக்கலாம் என்று திருத்துவது. அடுத்து, மதுவும் கஞ்சாவும் சேர்ந்திருந்தால் மதுவின் வரம்பைப் பாதியாகக் குறைப்பது. படிவமும் நேரக் குறிப்பும் திருத்தத்துக்குக் காத்திராமல் அரசாணையாகவே வரலாம்.

பள்ளத்தூர் ஆச்சி:

பெண் பிள்ளைகளைப் பரிசோதிக்கும்போது பெண் மருத்துவரோ, குறைந்தது பெண் ஒருவரோ உடன் இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், தம்பி. இரவு நேரத்தில் அது இல்லாமல் எந்தப் பெற்றோரும் இந்தச் சட்டத்தை ஆதரிக்க மாட்டார்கள்.

கோட்டையூர் வேன் ஓட்டுநர்:

என் பங்குக்கும் ஒன்று சேர்க்க வேண்டும். எடுக்கிற ரத்தத்தை இரண்டு குப்பிகளில் பிரித்து, இரண்டிலும் ஓட்டுநரின் கையெழுத்தோடு முத்திரை வைத்து, ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மற்றொன்றை மருத்துவமனையிலேயே பாதுகாக்க வேண்டும். ஆய்வு முடிவை ஏற்காத ஓட்டுநர் நீதிமன்றத்தின் வழியாக அந்த இரண்டாவது குப்பியை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். பிரிட்டனில் ஓட்டுநர் கேட்டால் மாதிரியில் ஒரு பகுதியை அவரிடமே கொடுத்துவிடுகிறார்கள் என்று படித்தேன். இந்த ஒரு வரி மனுவில் இருந்தால், எங்கள் நிறுத்தத்தில் உள்ள ஓட்டுநர்களிடம் நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

தேவகோட்டை வழக்கறிஞர்:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் இதே இழையில் முழுமையாகப் பதிவிடுகிறேன், மருத்துவர் ஐயா குப்பி, குளிர்பதனம் பற்றிய பத்தியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துத் தர வேண்டும்.